அரை நிமிடப் பாட்டு: கல்லூரி அணிக்குக் களப்பாட்டு கட்டும் முறை

அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் இரண்டு பாட்டு இருக்கும். ஒன்று அல்மா மேட்டர். மெதுவானது, பட்டமளிப்பு விழாவில் எழுந்து நின்று பாடுவது. மற்றது ஃபைட் சாங். மைதானத்தில், பேண்டுக்கு மேல் குரல் எழுப்பிக் கத்துவது. இதைக் களப்பாட்டு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க ராணுவக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் மோதும் ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் சேர்ந்து நின்று இரண்டு அல்மா மேட்டர்களையும் பாடுவார்கள். தோற்றவர் பாட்டு முதலில், வென்றவர் பாட்டு பிறகு. அதனால் அங்கே 'இரண்டாவதாகப் பாடுவோம்' என்றாலே ஜெயிப்போம் என்று பொருள். ஆனால் டச்டவுன் (அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எதிரி எல்லைக்குள் சேர்த்து எடுக்கும் புள்ளி) விழும் நொடியில் யாரும் அல்மா மேட்டரைத் தொடமாட்டார்கள். அங்கே வேலை களப்பாட்டுக்கு.

பாட்டுக் கட்ட உட்காருபவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த வேறுபாட்டில்தான். கல்விக்கூடத்தின் பெருமை, நிறுவனரின் தொண்டு, ஊரின் வளம் என்று பன்னிரண்டு வரி எழுதிவிட்டு, அதை கோல் விழுந்ததும் பாடச் சொல்கிறார்கள். கூட்டம் இரண்டாம் வரியிலேயே வாயை மூடிக்கொள்கிறது. களப்பாட்டு வாழ்த்துப்பா அல்ல. நம் மரபில் அதற்கு நெருங்கிய உறவு வஞ்சினம்: இதைச் செய்வேன் என்று எதிரி காதில் விழும்படி சொல்லும் சூளுரை.

எதிரியும் தேதியும்

நல்ல களப்பாட்டுகளின் பிறப்பைப் பார்த்தால் ஒன்று தெரியும். பல பாட்டுகள் 'கல்லூரிக்காக' என்று பொதுவாக எழுதப்பட்டவை அல்ல. ஒரு குறிப்பிட்ட எதிரியை, ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தை மனத்தில் வைத்துப் பிறந்தவை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 'தி விக்டர்ஸ்' 1898-இல் பிறந்தது. அந்த ஆண்டு நன்றி நவிலும் நாளன்று சிகாகோ அணியை அதன் ஊரிலேயே மிச்சிகன் 12-11 என்று வென்றது. பேண்ட் வாசித்துக்கொண்டிருந்ததோ அந்தக் காலத்தில் எல்லோரும் பாடிய ஒரு கேளிக்கைப் பாட்டு. ஒரே புள்ளியில் கிடைத்த சாம்பியன் பட்டத்துக்கு அது பற்றாது என்று பட்டது இசை மாணவர் லூயி எல்பெலுக்கு. அவர் ஒரு முழு மார்ச் (அணிநடை இசை) எழுதினார். கடற்படைக் கல்லூரியின் 'ஆங்கர்ஸ் அவே' 1906 டிசம்பர் ராணுவக் கல்லூரி ஆட்டத்தைக் குறிவைத்து எழுதப்பட்டது. பேண்ட் மாஸ்டர் சார்ல்ஸ் சிம்மர்மன் மெட்டு, மாணவர் ஆல்ஃப்ரெட் ஹார்ட் மைல்ஸ் சொல். அந்த ஆட்டத்தைக் கடற்படை 10-0 என்று ஜெயித்தது. டெக்ஸஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் 'வார் ஹிம்' இன்னும் விசித்திரம். 1918-இல் முதல் உலகப் போருக்குப் போயிருந்த ஜே.வி. வில்சன் ஐரோப்பாவில் இருந்தபடி எழுதியது. போர்க்களத்தில் இருந்தவர் நினைத்துப் பகைத்தது டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தை.

ஆகவே முதல் வேலை, எந்த எதிரி, எந்தத் தேதி என்று முடிவு செய்வது. அந்தத் தேதியிலிருந்து எட்டு வாரம் பின்னால் எண்ணுங்கள். மெட்டுக்கு இரண்டு வாரம், சொல்லுக்கு ஒன்று, பேண்டுக்குப் பிரித்து எழுத ஒன்று, பேண்ட் ஒத்திகைக்கு இரண்டு, கூட்டத்துக்குக் கற்றுக்கொடுக்க இரண்டு. இதில் கடைசி இரண்டு வாரத்தைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். பாட்டு சாவதும் அங்கேதான்.

எதிரியின் பெயரைப் பாட்டில் வைக்கலாமா? வைத்தால் உறைப்பு கூடும், ஆனால் காலம் மாறும். அலபாமாவின் 'யே அலபாமா' 1926-இல் ரோஸ் பௌல் என்ற பெயர்பெற்ற ஆட்டத்தில் கிடைத்த வெற்றிக்குப் பின் மாணவர் பத்திரிகை நடத்திய போட்டியில் தேர்வானது. அதில் ஜார்ஜியாவும் ஜார்ஜியா டெக்கும் கிண்டலடிக்கப்படுகின்றன. இன்று அலபாமாவின் பரம எதிரி என்று எவரைக் கேட்டாலும் ஆபர்ன் பல்கலைக்கழகம் என்பார்கள். பாட்டில் ஆபர்ன் இல்லை. காரணம், 1907-க்குப் பிறகு 1948 வரை அந்த இரண்டு அணிகளும் மோதவே இல்லை. ஏ அண்ட் எம் கதை இதற்கு மறுபக்கம். 2011-க்குப் பின் டெக்ஸஸுடன் ஆட்டமே நின்றுபோனது. 2024-இல்தான் மறுபடி தொடங்கியது. இடையில் வேறு யாருடன் ஆடினாலும் கூட்டம் டெக்ஸஸைத் திட்டியே பாடிக்கொண்டிருந்தது.

எங்கள் பரிந்துரை: திரும்பத் திரும்ப வரும் பல்லவியில் எதிரி பெயர் வேண்டாம். பேண்ட் நின்று கூட்டம் மட்டும் கத்தும் இடைவெளி ஒன்றை விட்டுவையுங்கள். அதில் இந்த ஆண்டு ஒரு பெயர், அடுத்த ஆண்டு வேறு பெயர் போகட்டும். லீக் பெயர், கோப்பைப் பெயர், 'மேற்கின் சாம்பியன்' போன்ற பட்டம் எதுவும் பல்லவியில் வேண்டாம். மிச்சிகன் பாட்டில் அப்படி ஒரு மேற்கு இருக்கிறது. 1907-இல் அந்த மேற்கத்திய லீக்கை விட்டு மிச்சிகன் வெளியே வந்துவிட்டது, திரும்பிச் சேரப் பத்து ஆண்டு ஆயிற்று. பாட்டு தப்பித்தது மெட்டின் பலத்தால்.

மெட்டு: கடன் வாங்குவதா, கட்டுவதா

கடன் வாங்குவதில் குற்றம் இல்லை. ஜார்ஜியா பாடுவது உள்நாட்டுப் போர்க்கால 'பேட்டில் ஹிம்' மெட்டில். ஓக்லஹோமாவின் 'பூமர் சூனர்' யேல் பல்கலைக்கழகத்தின் 'பூலா பூலா'விலிருந்து எடுத்தது. அந்த 'பூலா பூலா'வே 1898-இல் பாப் கோல், பில்லி ஜான்சன் என்ற இரண்டு கறுப்பின இசைஞர்கள் வெளியிட்ட பாட்டிலிருந்து வந்தது. டென்னசியின் அதிகாரபூர்வப் பாட்டு யேலின் இன்னொரு மெட்டு. ஆனால் கூட்டம் பாடுவது 1967-இல் வந்த 'ராக்கி டாப்' என்ற நாட்டுப்புறப் பாணிப் பாட்டை. 1970-களில் பேண்ட் அதை வாசிக்கத் தொடங்கியதிலிருந்து நிலைமை இதுதான். அதிகாரபூர்வம் என்று ஆணை போட்டால் பாட்டு நிலைக்காது. கூட்டத்தின் வாய்க்குப் பிடிக்கவேண்டும்.

விஸ்கான்சின் கதையில் ஒரு சுவை உண்டு. 1909-இல் வில்லியம் பர்டி ஒரு மெட்டைப் போட்டது மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பாட்டுப் போட்டிக்கு. அவருடைய நண்பர் கார்ல் பெக் விஸ்கான்சினில் படித்தவர். போட்டிக்கு அனுப்பாதே, எங்களுக்குக் கொடு என்று பேசி வாங்கி, அவரே சொல் எழுதினார். அதுதான் 'ஆன், விஸ்கான்சின்'. மினசோட்டாவும் விஸ்கான்சினும் 1890 முதல் மோதும் பகையாளிகள். எதிரிக்கு என்று செய்த வாள் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பிற்பாடு 1959-இல் அது மாநிலப் பாட்டாகவும் ஆனது. ஊர் பெயரை மட்டும் மாற்றி எத்தனையோ அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் அதே மெட்டைப் பாடுகின்றன.

கடன் வாங்கும் முன் இரண்டைப் பார்க்கவேண்டும். முதலாவது உரிமை. அமெரிக்காவில் 1929 வரை வெளியான பாட்டுகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. இந்தியாவில் இசையமைத்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. சினிமா மெட்டில் சொல் மாற்றிப் போட்டுக் காணொளியாக ஏற்றினால் அது நீக்கப்படக்கூடும். நாட்டுப்புற மெட்டென்றால் பாதுகாப்பு, ஆனால் யாரோ ஒருவர் அதை மெருகேற்றிப் பதிவு செய்த வடிவத்தை எடுக்காதீர்கள்.

இரண்டாவது பிறந்த இடம். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் 'தி ஐஸ் ஆஃப் டெக்ஸஸ்' 1903-இல் பழைய ரயில்பாதைத் தொழிலாளர் பாட்டின் மெட்டில் எழுதப்பட்டு, முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலிசெய்யும் மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சி ஒன்றில் முதலில் பாடப்பட்டது. 2020-இல் மாணவ வீரர்கள் அதைப் பாட மறுத்துக் கேள்வி எழுப்பினார்கள். பல்கலைக்கழகம் குழு அமைத்து ஆராய்ந்து, எழுதியவர்களிடம் இனவெறி நோக்கம் இல்லை என்று சொல்லிப் பாட்டை வைத்துக்கொண்டது. ஆனாலும் காயம் ஆறவில்லை. நம் ஊரிலும் ஒரு சாதியைப் புகழ்வதாக, இன்னொன்றைத் தாழ்த்துவதாக அறியப்பட்ட மெட்டுகள் உண்டு. சொல்லை மாற்றினாலும் மெட்டைக் கேட்டதும் பழைய சொல்தான் காதில் விழும். அப்படிப்பட்டதை மைதானத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

மெட்டைக் கட்டும் கணக்கு

நீளத்தை நேரம் தீர்மானிக்கட்டும். அமெரிக்க மார்ச்சில் கூட்டம் பாடுவது முழுதையும் அல்ல. முன்னிசை, முதல் பகுதி, இரண்டாம் பகுதி எல்லாம் பேண்டுக்கு. ட்ரையோ என்ற மூன்றாம் பகுதிதான் கூட்டத்துக்கு. வழக்கமாக 32 பார் (தாளக் கட்டம்), பாருக்கு இரண்டு தட்டு, ஆக 64 தட்டு. நிமிடத்துக்கு 132 தட்டு வேகத்தில் இது 29 நொடி. 144 வேகத்தில் 27 நொடிக்குக் கொஞ்சம் குறைவு. டச்டவுனுக்கும் அடுத்த உதைக்கும் நடுவில் அது சரியாக உட்காரும்.

உங்கள் ஆட்டம் எது என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். கால்பந்தில் கோல் விழுந்து பந்து நடுவுக்கு வருவதற்குள் அரை நிமிடம் தாராளமாகக் கிடைக்கும். கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால் இரண்டு முறை பாடலாம். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் வடக்கின் பெருஞ்சமர் மாதிரியான பல நாள் ஆட்டத்தில் அவசரமே இல்லை, பேண்ட் நாள் முழுக்க ஓடலாம். கபடியில் ஒரு ரெய்டே 30 நொடி, அதனால் 8 பார் துண்டு ஒன்று தனியாக வேண்டும், முழுப் பாட்டை ஆல் அவுட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த ஆட்டமானாலும் மூன்று அளவில் தயாரியுங்கள்: 32 பார் முழுசு, கடைசி 16 பார், நான்கு பார் துணுக்கு.

வேகம் 126-க்குக் கீழே போனால் ஊர்வலம் மாதிரி ஆகும். 150-க்கு மேலே போனால் தமிழ்ச் சொல் வாயில் நிற்காது. 132-இல் தொடங்குங்கள். உற்சாகத்தில் பேண்ட் தானே 140-க்கு ஏறிவிடும், அதற்கு இடம் விட்டு வைக்கவேண்டும்.

சுரம் சங்கராபரண வரிசை. ஏறத்தாழ எல்லாக் களப்பாட்டும் இதில்தான், ஏனென்றால் பாடப் பழகாதவருக்கும் அது சறுக்காது. வீச்சு ஒரு ஸ்தாயியோடு ஒரு சுரம் கூடுதல், அதற்கு மேல் போகக்கூடாது. பாடகர் பயிற்சி இல்லாத ஆண்களும் பெண்களும் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள், ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே. மேல் சட்ஜத்தை ஒரே ஒரு இடத்தில், கடைசி எட்டு பாருக்குள் வையுங்கள். முதலிலேயே உச்சிக்குப் போனால் இரண்டாம் முறை பாடும்போது தொண்டை இருக்காது.

சுருதி பேண்டுக்கு வசதியானதாக இருக்கவேண்டும். ஊதுகருவிகளுக்கு பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட் எளிது. நம் கட்டைக் கணக்கில் ஆறரை, இரண்டரை, ஐந்தரை. சில ஊதுகருவிகளில் தாளில் எழுதும் சுரம் வேறு, ஒலிக்கும் சுரம் வேறு. அதனால் ஹார்மோனியத்தில் ஒரு கட்டையில் போட்ட மெட்டை அப்படியே கொடுத்தால் ட்ரம்பெட்காரருக்கு இரண்டு ஷார்ப் (அரைச் சுரம் ஏற்றிய சுரம்), ஆல்டோ சாக்ஸஃபோன்காரருக்கு மூன்று ஷார்ப் வந்துவிடும். புதிதாகக் கற்பவர் அங்கே தடுமாறுவார். கீழ் சட்ஜம் ஆறரைக் கட்டையில் வைத்தால் பெரும்பாலான குரலுக்கும் அது பொருந்தும்.

பழைய மார்ச்சுகள் ட்ரையோவுக்குள் நுழையும்போது மத்தியமத்தைப் புதிய சட்ஜமாக எடுத்துக்கொள்ளும். கேட்பவருக்குக் கதவு திறந்தது போலிருக்கும். சிறிய பேண்டுக்கு இது கட்டாயம் அல்ல. நான்கு பார் முன்னிசையை ஒரு சுருதியிலும் பாட்டை அதன் மத்தியமத்திலும் வைத்தாலே அந்த விளைவு பாதி கிடைக்கும்.

உள்ளே மெட்டை எப்படி நகர்த்துவது? ஒரு சின்னத் துணுக்கு. அதையே ஒரு சுரம் மேலே ஏற்றித் திரும்ப. 'தி விக்டர்ஸ்' ட்ரையோ தொடங்குவது இப்படித்தான். முதல் வரி தெரிந்தவருக்கு இரண்டாம் வரி தானே தெரிந்துவிடும். பாதிப் பாட்டைக் கற்றுக்கொடுக்காமலே கூட்டம் கற்றுக்கொள்கிறது. அமைப்பு எட்டு எட்டு பாராக நான்கு: துணுக்கு, அதே துணுக்கு, வேறு ஒன்று, மறுபடி துணுக்கு உச்சியோடு. அந்த 'வேறு ஒன்றில்' கொஞ்சம் கீழே இறங்கி வாருங்கள். மூச்சு வாங்க இடம் கிடைக்கும், உச்சிக்கும் உயரம் கூடும்.

இனி, மெட்டுப் போடுபவர்கள் மறக்கும் பெரிய விஷயம்: ஒலிக்கு நேரம் பிடிக்கும். நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர். பேண்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 0.29 நொடி தாமதம். 132 வேகத்தில் ஒரு தட்டு 0.45 நொடி. அதாவது எதிர்ப்பக்கக் கூட்டம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தட்டு பிந்தியே பாடும். 155 மீட்டரில் ஒரு முழுத் தட்டே பிந்தும். அவர்கள் குரல் திரும்பி பேண்டை வந்து சேர இன்னொரு மடங்கு. வேகமான சின்னச் சுரங்கள் இந்த இடைவெளியில் கஞ்சியாகக் கலந்துவிடும். நீளமான சுரங்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் நிற்கும். எனவே ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு தட்டாவது நீளும் சுரம் வேண்டும். இரண்டு வரிக்கு ஒரு முறை, யாரும் பாடாத, கை தட்ட மட்டும் ஆன இரண்டு தட்டு இடைவெளி வேண்டும். சிதறிய கூட்டம் அங்கே ஒன்றுசேரும்.

சொல்

தமிழில் எழுதும்போது கணக்கு வேறாகிறது. நம்மிடம் குறில் நெடில் இருக்கிறது. நெடில் நீளச் சுரத்தில் விழவேண்டும், குறில் சின்னச் சுரத்தில். இதை மீறினால் சொல் சிதையும். 'படை' என்பதன் முதல் குறிலை இரண்டு தட்டுக்கு நீட்டினால் மைதானத்தில் 'பாடை' என்றுதான் கேட்கும். சூளுரைத்துக்கொண்டிருக்கும்போது காதில் விழக்கூடாத சொல் அது.

வரியின் கடைசி எழுத்தில் குற்றியலுகரம் வைக்காதீர்கள். 'வென்று', 'ஏற்று', 'முழங்கு' எல்லாம் எழுதும்போது வீரமாகத்தான் தோன்றும். நீட்டிப் பாடினால் 'வென்றூஊ' என்று ஒப்பாரி போல் இழுபடும். இகரமும் அப்படியே, உதட்டையும் பல்லையும் மூடிக்கொண்டு கத்தமுடியாது. ஆ, ஏ, ஓ மூன்றும்தான் வாயைத் திறக்கவைக்கும். வரி அவற்றில் முடியட்டும். வரியின் தொடக்கத்தில் க, ச, த, ப போன்ற வல்லினம் இருந்தால் வெட்டு விழும், ட்ரம்மோடு சேர்ந்து நிற்கும். வரியின் நடுவில் ழகரம், லகரம், ளகரம் அடுத்தடுத்து வந்தால் தூரத்தில் எதுவும் புரியாது.

மோனை வேண்டும். ஓசை இன்பத்தைவிட நினைவுக்காகவே அதைக் கேட்கிறோம். அடுத்த வரியின் முதல் எழுத்து மனத்தில் வந்துவிட்டால் மீதி தானாக வரும். எட்டுத் தட்டு வரிக்கு ஒரு மாதிரி:

நீலக் கொடியே வா, வா
நெஞ்சை நிமிர்த்தி வா, வா
கோட்டைத் தாண்டி வா, வா
கொட்டும் முரசே வா, வா

முதல் நான்கு தட்டில் நான்கு அசை: நீ, லக், கொடி, யே. பிறகு 'வா' இரண்டு தட்டு, இன்னொரு 'வா' இரண்டு தட்டு. முதல் நான்கும் தெரியாதவன்கூட கடைசி இரண்டு 'வா'வைப் பாடிவிடுவான். இதுதான் குறி. கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆளுக்கு எப்போதும் சொல் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதவேண்டும். 'நெஞ்சை நிமிர்த்தி' வரியில் தகர இகரம் ஒரே தட்டில் ஓடிவிடுகிறது, அதனால் பரவாயில்லை. 'கோட்டை' என்பது கோட்டையாகவும் கோல் கோடாகவும் நிற்கிறது. இப்படி ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள்.

அமெரிக்கப் பாட்டுகளில் கல்லூரிப் பெயரை எழுத்தெழுத்தாகக் கத்துவது வழக்கம். மினசோட்டா பாட்டு அப்படித்தான் முடியும். தமிழில் இதை அப்படியே செய்யமுடியாது. புள்ளி எழுத்தைத் தனியாகக் கத்த வராது. அசையாகப் பிரிக்கவேண்டும்: திருச்சி என்றால் தி-ருச்-சி, யாழ்ப்பாணம் என்றால் யாழ்-பா-ணம். மூன்றசைப் பெயர் மிக வசதி, மூன்று தட்டு கத்தல், நான்காம் தட்டு பாஸ் ட்ரம். ஐந்து அசைக்கு மேல் போனால் பட்டப்பெயரையோ கொடியின் நிறத்தையோ எடுத்துக்கொள்ளலாம்.

யாரை விட்டுவிடுகிறோம் என்றும் பாருங்கள். நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் 'விக்டரி மார்ச்' ஷே சகோதரர்கள் 1908-இல் எழுதியது. மகன்கள் வெற்றிக்கு நடைபோடுகிறார்கள் என்று வரும். 1972 முதல் அங்கே பெண்களும் இளநிலைப் படிப்புக்குச் சேர்ந்தார்கள். பாட்டில் மகள்கள் சேர 2022 ஆயிற்று. 'தம்பி', 'வீரா', 'சிங்கக்குட்டி மகனே' என்று எழுதும் முன் பெண்கள் அணி இதே பாட்டுக்குக் களம் இறங்கும் என்பதை நினையுங்கள். 'நாம்', 'வா', 'நம் கொடி' போதும்.

எதிரியைத் திட்டும் வரி எழுதினால் அவர்கள் ஆட்டத்தைத் திட்டுங்கள். அவர்கள் ஊரை, சாதியை, மதத்தை, உடலைத் தொட்டால் அது களப்பாட்டு அல்ல, கலவரத்துக்கு விதை. முதல்வர் அறையில் பாட்டு தடைபடுவதும் அந்த ஒரு வரியால்தான்.

பேண்ட்

பெரிய அமெரிக்கக் கல்லூரிகளின் பேண்ட் இருநூறு முந்நூறு பேர். அது தேவையில்லை. திறந்த மைதானத்துக்கு இருபத்துமூன்று பேர் போதும்: ட்ரம்பெட் 6, ஆல்டோ சாக்ஸஃபோன் 4, க்ளாரினெட் 4, ட்ராம்போன் 4, சூஸாஃபோன் அல்லது டியூபா 2, ஸ்நேர் ட்ரம் 2, பாஸ் ட்ரம் 1. ஜால்ரா போன்ற பெரிய சிம்பல் ஜோடி கிடைத்தால் இருபத்துநான்காவது ஆள். புல்லாங்குழல், வயலின் மைதானத்தில் கேட்காது. மெட்டை ட்ரம்பெட்டும் க்ளாரினெட்டும் எடுக்கட்டும், சாக்ஸஃபோன் ஒரு மூன்றாம் சுரம் கீழே, ட்ராம்போன் வரி முடியும் நீளச் சுரங்களின்போது குறுக்கே பதில் சொல்லட்டும். அந்தப் பதில் இல்லாவிட்டால் 'வா, வா' இடம் வெறுமையாகிவிடும்.

பிரதி எழுதும்போது மாற்றம் கவனம். ஆறரைக் கட்டைப் பாட்டுக்கு ட்ரம்பெட்டுக்கும் க்ளாரினெட்டுக்கும் சி மேஜர், ஆல்டோ சாக்ஸஃபோனுக்கு ஜி மேஜர், ட்ராம்போனுக்கும் டியூபாவுக்கும் பி ஃப்ளாட் என்று எழுதவேண்டும். எல்லோருக்கும் ஒரே தாளை நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, சுருதி சேரவில்லையே என்று மாணவரைத் திட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது.

பறை, தவில் சேர்க்க விரும்பினால் சேருங்கள். ஆனால் தாளத்தை நடத்துவது ஒரே கருவியாக இருக்கவேண்டும், அது பாஸ் ட்ரம். இரண்டு தாளத் தலைவர்கள் இருந்தால் எட்டாவது பாரில் பிரிந்துவிடுவார்கள். ஒலித் தாமதத்தின் காரணமாக பேண்ட் முழுதும் முன்னால் நின்று நடத்தும் ட்ரம் மேஜரின் கையைப் பார்த்து வாசிக்கவேண்டும், கூட்டத்தின் குரலைக் கேட்டு அல்ல. கேட்டு வாசித்தால் ஒவ்வொரு வரிக்கும் வேகம் குறையும். முதல் ஆட்டத்தில் எல்லா பேண்டுக்கும் இது நடக்கும், ஒத்திகையில் கண்டுபிடிக்கமுடியாது. ஆகவே ஒரு ஒத்திகையாவது மைதானத்தில், எதிர்ப்பக்கம் ஐம்பது பேரை நிறுத்திப் பாடவைத்துச் செய்யுங்கள்.

கூட்டத்துக்குக் கற்றுக்கொடுப்பது

1. முதலில் கைதட்டு. சொல் இல்லாமல், எங்கே தட்டுவது என்று மட்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.
2. பிறகு நீளச் சொற்கள். மேலே காட்டிய மாதிரியில் 'வா, வா' மட்டும். மீதியை பேண்ட் வாசிக்கட்டும்.
3. மூன்றாவது முறை முழு வரிகள். ஒரு வரி தலைவர், ஒரு வரி கூட்டம் என்று மாற்றி மாற்றி.
4. நான்காவது முறை ட்ரம் மட்டும் வைத்து, மெட்டுக் கருவி இல்லாமல். இதில் பாடிவிட்டால் தேறிவிட்டது.

இதை விடுதி உணவுக்கூடத்தில், முதலாண்டு மாணவர் வரவேற்பு நாளில், பேருந்தில் செய்யலாம். அரங்கத்தில் ஒரே நாளில் ஆயிரம் பேருக்குக் கற்றுக்கொடுக்க முயல்வது வீண். நாற்பது பேர் நன்றாகக் கற்றால் போதும், ஆனால் அந்த நாற்பதும் மைதானத்தில் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. பத்துப் பத்தாக நான்கு மூலையில் நிறுத்துங்கள். ஒரே மூட்டையாக நின்றால் மற்றவர்கள் பார்வையாளராகவே இருந்துவிடுவார்கள். சொல்தாள் அச்சடித்தால் உள்ளங்கை அளவில், பெரிய எழுத்தில், நான்கு வரி மட்டும்.

எப்போது பாடுவது என்பதையும் முதல் ஆட்டத்திலேயே பழக்கமாக்கவேண்டும்: அணி களம் இறங்கும்போது, நம் புள்ளி விழும்போதெல்லாம், ஆட்டம் முடிந்ததும். தோற்றாலும் முடிவில் பாடவேண்டும். ஜெயித்தால் மட்டும் என்று வைத்தால் இரண்டு தோல்வியில் பாட்டு மறந்துபோகும். எதிரணி வீரர் அடிபட்டுக் கிடக்கும்போது வாசிக்கக்கூடாது. அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டக்காரர்கள் பந்தைச் சுற்றி வரிசைகட்டி நிற்கும்போது பேண்ட் நிறுத்திவிடவேண்டும் என்பது விதி, குறியொலி கேட்காமல் போய்விடும் என்பதால். நம் ஆட்டங்களில் அப்படி எழுதியிருக்காவிட்டாலும் ஃப்ரீ கிக், பெனால்டி நேரத்தில் நடுவர் எச்சரிப்பார். ட்ரம் மேஜருக்கு ஒரு நிறுத்தக் குறி வேண்டும், இரண்டு கையும் தலைக்கு மேல் குறுக்காக.

பிரதியைப் பத்திரப்படுத்துவது

களப்பாட்டின் வரலாற்றைத் தேடுபவர் மூன்று தேதியைக் குழப்பிக்கொள்வார்: எழுதிய நாள், முதலில் வாசித்த நாள், அச்சான நாள். 'தி விக்டர்ஸ்' எழுதியது 1898, மார்ச் இசைக்குப் பேர்போன ஜான் ஃபிலிப் சூஸாவின் பேண்ட் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் அதை வாசித்தது 1899. இரண்டு ஆண்டும் சரிதான், வேறு வேறு நிகழ்ச்சிக்கு. பழைய பாட்டு ஒன்றின் பிறப்பைத் தேடும்போதும் இந்த மூன்றையும் தனித்தனியாகத் தேடவேண்டும்: மாணவர் பத்திரிகையில் ஆட்டத்துக்கு முந்திய வாரமும் பிந்திய வாரமும், கச்சேரி நிகழ்ச்சி நிரலில், இசைத்தாளின் காப்புரிமை வரியில். நினைவுமலரில் ஐம்பது ஆண்டு கழித்து எழுதியதை மட்டும் நம்பக்கூடாது. அதில் எல்லாப் பாட்டும் வெற்றி பெற்ற இரவில் ஒரே மூச்சில் எழுதியதாகவே இருக்கும்.

உங்கள் பாட்டுக்கு அந்தக் கதி வராமல் இருக்க, முதல் ஆட்டம் முடிந்த வாரத்திலேயே ஓர் உறையில் இவற்றைப் போட்டுக் கல்லூரி நூலகத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்: முழு இசைப்பிரதி, ஒவ்வொரு கருவிக்குமான தாள், சொல்தாள், மெட்டும் சொல்லும் யாருடையது என்று இருவரும் கையொப்பமிட்ட ஒரு பக்கம், கடன் வாங்கிய மெட்டானால் எதிலிருந்து என்ற குறிப்பு, எந்த எதிரிக்கு எதிராக எந்தத் தேதியில் முதலில் பாடியது, ஆட்டத்தின் முடிவு. ஒலிப்பதிவு வைத்தால் மைதானத்தில் எடுத்ததையே வையுங்கள், ஸ்டுடியோவில் எடுத்ததை அல்ல. அடுத்த தலைமுறை பேண்ட் மாஸ்டருக்கு வேகம் எவ்வளவு, கூட்டம் எங்கே தட்டியது என்பது அதில்தான் தெரியும்.